மயங்கி விழாத பட்டதாரிகள்

ரேணிகுண்டாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்குப் போகும் வழியில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிற ஊர் ஏர்பேடு. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரின் பெயர், கூடூர் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கும் இங்குள்ள வியாசாசிரமத்துக்கு வருகிறவர்களுக்கும்தான் தெரியும். இப்போது நாடு முழுவதும் உள்ள பிளஸ் டூ மாணவர்களும் அவர்களைவிட அதிகமாக அவர்களின் பெற்றோர்களும் ஏர்பேடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுகிறார்கள். ஆந்திரப் பிரிவினைக்காக 2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், புதிய ஆந்திரத்துக்கு ஒரு ஐ.ஐ.டி.யும் ஓர் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் வரும் என்று வாக்களித்தது. இரண்டும் 2015-ல் திருப்பதியை ஒட்டித் தற்காலிக இடங்களில் வகுப்புகளைத் தொடங்கின. இரண்டின் நிரந்தர வளாகங்களும் அமைந்தது ஏர்பேட்டில்.

ஆண்டுதோறும் இங்கிருந்து சில நூறு பேர் ‘பாஸ் அவுட்’ ஆகிறார்கள். இந்த வாக்கியத்தில் இந்திய வாசகர் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருக்காது. ஆனால் இதையே ஆங்கிலத்தில் லண்டன்காரர் ஒருவரிடமோ சிகாகோக்காரர் ஒருவரிடமோ சொன்னால் அவர் பதறிப்போய்க் கேட்கக்கூடிய முதல் கேள்வி, “டாக்டரைக் கூப்பிட்டீர்களா?” என்பதாக இருக்கும். அவருடைய ஆங்கிலத்தில் பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. வெயிலில் நின்று விழலாம், பசியில் விழலாம், ரத்தத்தைப் பார்த்து விழலாம், அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு சோபாவில் சாய்ந்துவிடலாம். பட்டம் வாங்கிக்கொண்டு விழுவது அவர் கேள்விப்படாத விஷயம்.

குழப்பத்துக்குத் தூபம் போடுவது கூடவே வரும் ஒரு சின்னச் சொல். ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல் இடத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். வெயிலால் மயங்கினார் என்பதற்கு ‘பாஸ்ட் அவுட் ஃப்ரம் தி ஹீட்’ என்பார்கள். கல்லூரியிலிருந்து படித்து வெளியே வந்தவரும் அதே ஃப்ரம் போட்டு, ‘பாஸ்ட் அவுட் ஃப்ரம் இன்ஜினியரிங் காலேஜ்’ என்கிறார். கேட்கும் வெள்ளைக்காரருக்கு, இன்ஜினியரிங் படிப்பின் கடுமை தாங்காமல் மனிதர் சுருண்டு விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று தோன்றும். நான்கு வருட செமஸ்டர்களை நினைத்துப் பார்க்கும் மாணவர்கள் சிலர், அந்த அர்த்தமும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லக்கூடும்.

இரண்டு அர்த்தங்களோடு கதை முடியவில்லை. அமெரிக்காவில் வகுப்பில் ஆசிரியர் வினாத்தாள்களை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போவதும் பாஸ் அவுட்தான். திருப்பதிக்குப் போய் வந்தவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு விநியோகித்தால் அவர் லட்டுகளை ‘பாஸ் அவுட்’ செய்கிறார். இதே வேலைக்கு இங்கிலாந்தில் ‘ஹேண்ட் அவுட்’ அல்லது ‘கிவ் அவுட்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவிலோ, விளையாட்டு அரங்கிலிருந்து பாதியில் வெளியே போய்விட்டுத் திரும்பி வரக் கொடுக்கும் அனுமதிச் சீட்டின் பெயரே பாஸ் அவுட். ‘அவர் 2019 பாஸ் அவுட்’ என்றால் அங்கே ஒருவர் பழைய டிக்கெட்டைத் தேடக்கூடும்.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. பாஸ் அவுட்டுக்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதை என்று கேட்டால் பதில் வந்தால், அது விநியோகம். லட்டை, வினாத்தாளை, துண்டுப் பிரசுரத்தை. அப்போது அந்தப் பொருள் பாஸுக்கும் அவுட்டுக்கும் நடுவில்கூட வந்து உட்காரலாம். ‘அவற்றை’ என்று சுட்டுப்பெயர் வந்தால் கட்டாயம் நடுவில்தான் உட்கார வேண்டும். எதை என்ற கேள்விக்குப் பதிலே இல்லையென்றால் அது மயக்கம், அல்லது படிப்பு முடித்தல். இந்த இரண்டையும் பிரிக்க இலக்கணம் உதவாது. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்த ஊரில் சொல்கிறார் என்பதுதான் உதவும்.

அப்படியானால் படிப்பு முடிப்பது என்ற அர்த்தம் இந்தியர்கள் தப்பாகக் கற்றுக்கொண்டதா? பள்ளிக்கூட ஆங்கில ஆசிரியர்கள் பலர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இந்த அர்த்தத்துக்கு இங்கிலாந்திலேயே ஒரு வீடு இருக்கிறது. ராணுவம். பயிற்சி முடித்து அதிகாரியாக வெளியே வருவதை பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்றும் பாஸ் அவுட் என்றுதான் சொல்கிறார்கள். அந்த நாளில் நடக்கும் அணிவகுப்பின் பெயர் பாஸிங் அவுட் பரேட். டேராடூனில் இந்திய ராணுவ அகாதெமி 1932-ல் தொடங்கியபோது இந்தச் சொல்லும் அங்கே வந்தது. பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான சாம் மானெக்‌ஷா அந்த அகாதெமியின் முதல் அணியில் பயிற்சி பெற்று வெளிவந்தவர். சென்னை பரங்கிமலையில் 1963-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, 1988 முதல் அதிகாரிகள் பயிற்சி அகாதெமி என்று அழைக்கப்படுகிறது. அங்கேயும் அதே அணிவகுப்பு நடக்கிறது. முடிவில் இளம் அதிகாரிகள் மெல்லடி வைத்து ஓர் எல்லையைக் கடக்கிறார்கள். இந்தியில் அதற்கு ‘அந்திம் பக்’, கடைசிக் காலடி, என்று பெயர். அந்தக் காலடியைத் தாண்டியவர் வெளியே வந்துவிட்டார். அவுட் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான இடம் கிடையாது.

அணிவகுப்பு மைதானத்தில் இரண்டு அர்த்தங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் உண்டு. அசையாமல் வெகுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், ஆள் சாய்ந்துவிடுவார். 2023 ஜூனில் லண்டனில் மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்புக்கான ஒத்திகையில், கரடித்தோல் தொப்பியும் கம்பளிச் சீருடையும் அணிந்து வெயிலில் நின்ற காவல் வீரர்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். பரேடில் பாஸ் அவுட் ஆவது என்பதற்கு அன்று வேறு அர்த்தம் தேவைப்படவில்லை.

இந்தியா செய்ததெல்லாம் ராணுவ மைதானத்தில் இருந்த சொல்லைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்ததுதான். அது இங்கே வேர் பிடித்ததற்குக் காரணமும் இருக்கிறது. பரீட்சையில் ‘பாஸ்’ என்பது எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரிந்த சொல். கல்லூரியை விட்டு ‘வெளியே வந்தான்’ என்பதும் சாதாரணப் பேச்சு. பாஸ் செய்து வெளியே வந்தால் பாஸ் அவுட். கூட்டல் கணக்கு சரியாக இருக்கிறது. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் இலங்கையிலும் இந்தச் சொல் இதே பொருளில் வழங்குகிறது. இத்தனை கோடிப் பேர் ஒரே மாதிரி சொல்லி, ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளும் ஒன்றை வெறும் பிழை என்று தள்ளுவது கடினம்.

ஆனால் ஆங்கிலத்தின் இந்த ஜோடிச் சொற்களில் கூட்டல் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. பாஸ் என்ற ஒரே வினையோடு அவே சேர்ந்தால் இறப்பு. அப் சேர்ந்தால் வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. ஆஃப் சேர்ந்தால் போலியை அசல் என்று தலையில் கட்டுவது. ஆன் சேர்ந்தால் கைமாற்றுவது. சில நேரம் அதுவும் இறப்பு. வினை ஒன்றுதான், வால் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். பிற மொழிக்காரர்கள் ஆங்கிலம் கற்கும்போது மிகவும் திண்டாடுகிற இடங்களில் இது ஒன்று.

தமிழர்கள் இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. தமிழிலும் இந்த வித்தை ஏராளம். ‘வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்றால் அவன் கடையில் எதையும் வாங்கவில்லை, எதையும் கட்டவும் இல்லை. அடியோ திட்டோ பட்டான். ‘எழுதித் தள்ளினார்’ என்றால் யாரையும் தள்ளவில்லை. ‘வந்து தொலை’ என்று அழைத்தால், வருகிறவர் தொலைந்துபோகக் கூடாது. வந்தே ஆக வேண்டும். ‘பார்த்துக்கொள்’ என்பதைப் பிள்ளையை ஒப்படைக்கும்போது சொன்னால் பராமரிப்பு. சண்டையில் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால் மிரட்டல். தமிழ் கற்க வருகிற ஓர் ஆங்கிலேயர் அகராதியைப் புரட்டி, வாங்கு என்றால் இது, கட்டு என்றால் அது என்று கூட்டிப் பார்த்தால் அவருக்கும் இதே கதிதான்.

ஏர்பேடு போன்ற ஊரில் சொற்கள் எல்லை தாண்டும்போது என்ன ஆகும் என்பது தினமும் நடக்கிற பாடம். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கட மலைதான் வட எல்லை என்கிறது தொல்காப்பியத்தின் பாயிரம். அந்த மலையடிவாரத்திலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது ஏர்பேடு. சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானதிலிருந்து 1953-ல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. எந்த ஊர் யாருக்கு என்ற வாதம் அதன் பிறகும் ஓயவில்லை. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. இந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காருகிற மொழிகள்.

அந்தப் பெஞ்சில் ஒரு தமிழர் ‘அவசரம்’ என்று சொன்னால், சீக்கிரம் ஆக வேண்டும் என்று பொருள். தெலுங்கர் அதே சொல்லைச் சொன்னால், தேவை என்று பொருள். ‘பணம் அவசரம்’ என்று இருவரும் சொல்லலாம். ஒருவருக்கு இன்றைக்கே வேண்டும். மற்றவருக்கு வேண்டும், அவ்வளவுதான். இரண்டுக்கும் மூலமான சம்ஸ்கிருதச் சொல்லுக்கோ தருணம், வாய்ப்பு என்று அர்த்தம். தமிழரும் தெலுங்கரும் இதற்காக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதில்லை. நீ சம்ஸ்கிருதத்தைத் தப்பாகப் பேசுகிறாய் என்று யாரும் யாரையும் திருத்துவதும் இல்லை. அந்த ஊரில் அதற்கு அப்படி அர்த்தம், இந்த ஊரில் இப்படி என்று தெரிந்துகொண்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

ஆங்கிலம் என்று வந்ததும் இந்தப் பெருந்தன்மை காணாமல் போகிறது. அவசரத்துக்குக் கிடைக்கிற மன்னிப்பு பாஸ் அவுட்டுக்குக் கிடைப்பதில்லை. ஏனென்றால் ஆங்கிலம் இங்கே வெறும் மொழியாக மட்டும் இருந்ததில்லை. அது ஒரு வாசல். உள்ளே யார், வெளியே யார் என்று பிரிக்கிற வாசல்.

அந்த வாசல் திறந்து நெடுங்காலமாகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். ஆங்கிலப் படிப்பில் முதல் பட்டம் வாங்கிய தாமோதரம் பிள்ளை பின்னாளில் செய்த பெரும் பணி, பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சில் ஏற்றியது. கலித்தொகை 1887-ல் அவர் கையால் பதிப்புக் கண்டது.

அன்றிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியர்கள் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி வருகிறார்கள். இத்தனை காலத்தில் பரீட்சைக்கென்றே தனி ஆங்கிலம் ஒன்று இங்கே விளைந்துவிட்டது. ஆங்கிலேயருக்கு அரியர்ஸ் என்றால் கட்டாத வாடகை, தராத சம்பளம். தமிழ்நாட்டு மாணவனுக்கு அரியர் என்றால் கோட்டை விட்ட பேப்பர். எல்லை தாண்டி ஆந்திரத்துக்குப் போனால் அதே பேப்பருக்கு பேக்லாக் என்று பெயர். ஆங்கிலேயருக்கு பேக்லாக் என்றால் மேஜையில் குவிந்து கிடக்கும் வேலை. ஹால் டிக்கெட், பிட், ஆல் பாஸ் எல்லாம் இந்த மண்ணின் சரக்குகள். 2020-ல் கொரோனாவால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டபோது, ஆல் பாஸ் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாஸ் அவுட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

குடும்பத்தில் மற்ற சொற்களுக்கு இல்லாத ஓர் அதிகாரம் இதற்கு இருக்கிறது. வினையாக இருந்த சொல், வேலைவாய்ப்பு விளம்பரங்களில் பெயராக மாறிவிட்டது. ‘2023, 2024 பாஸ் அவுட்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.’ இங்கே பாஸ் அவுட் என்பது ஒரு செயலே இல்லை. அது ஆள். அந்த ஆளின் மீது ஒட்டிய ஆண்டுச் சீட்டு. மருந்துப் பாட்டிலில் தயாரிப்புத் தேதி இருப்பதுபோல. இரண்டு வருடம் கழிந்தால் படித்த பாடம் அதேதான், மார்க் ஷீட் அதேதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அவருடைய ஆண்டுக்குக் கட்டம் இருக்காது. தந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வருடம் வீட்டில் இருந்தவர், தங்கை கல்யாணம் முடியட்டும் என்று கிடைத்த வேலையில் சேர்ந்தவர், ஓர் அரியர் பாக்கியால் சான்றிதழ் தள்ளிப்போனவர் எல்லோரும் இந்தச் சொல்லுக்கு முன்னால் வெளியே நிற்கிறார்கள். 2020-லும் 2021-லும் படிப்பு முடித்தவர்களைப் பார்த்து ‘கொரோனா பேட்சா?’ என்று கேட்கிற கேலி இன்னும் முழுதாக மறையவில்லை. நடக்காத பரீட்சைக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஆனால் ஆண்டு அவர்கள் மீதுதான் ஒட்டியிருக்கிறது.

இப்போது ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியிலோ தெலுங்கு வழியிலோ படித்தவர். ஐ.ஐ.டி.க்குப் போகும் பாதையின் முதல் படியான ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழும் தெலுங்கும் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். இரண்டாவது படியான அட்வான்ஸ்டு தேர்வில் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தாய்மொழியில் முதல் படி ஏறியவர் இரண்டாம் படியில் அதை விட்டுவிட வேண்டும். அதையும் ஏறிவிட்டார். நான்கு வருடம் ஆங்கிலத்தில் படித்தார். கடைசி வருடம் வேலைக்கான நேர்காணல். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்கிறார்கள். பள்ளியிலிருந்து எந்த ஆண்டு பாஸ் அவுட் ஆனேன் என்று அவர் தொடங்குகிறார். எதிரே இருப்பவர் உதட்டோரம் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பால் வேலை போகாமல் இருக்கலாம். மாணவர் சொன்னது எதிரே இருந்தவருக்குப் புரியாமலும் இல்லை, புரிந்ததால்தான் சிரித்தார். நஷ்டம் வேறு இடத்தில். அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் அந்த மாணவர் அதை மனதுக்குள் நான்கு தடவை சோதித்துப் பார்ப்பார். சோதித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் பதில் சொல்லியிருப்பார். கூட்டங்களில் அவர் கடைசி வரிசையில் உட்காருவார். ஆராய்ச்சிக் கருத்தரங்கில் சந்தேகம் இருந்தும் கை தூக்க மாட்டார். நான்கு வருடப் படிப்பு தராத பயத்தை ஓர் அரைச் சிரிப்பு தந்துவிடும். கிராமத்திலிருந்து பெரிய கல்லூரிக்குப் போன பிள்ளைகளைப் பெற்றவர்கள், விடுமுறைக்கு வரும்போது பையன் பேச்சைக் குறைத்துவிட்டானே என்று கவலைப்படுவதற்குப் பின்னால் இப்படிச் சில சிரிப்புகள் இருக்கலாம்.

மொழியை வாசலாக வைத்து ஆட்களை வெளியே நிறுத்துவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அதை எதிர்த்ததும் புதிதல்ல. ஏர்பேட்டின் வியாசாசிரமத்தை 1920-களில் நிறுவிய மலையாள சுவாமி, பெயர் சொல்வதுபோலக் கேரளத்தில் பிறந்தவர். இங்கே வந்து தெலுங்கில் எழுதினார், தெலுங்கில் போதித்தார். அந்தக் காலத்தில் வாசல் சம்ஸ்கிருதம். யார் படிக்கலாம், யார் வேதாந்தம் கேட்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. எல்லாச் சாதியினருக்கும் பெண்களுக்கும் அந்தப் படிப்பில் உரிமை உண்டு என்று அவர் வாதாடினார். அதையே ஆசிரமத்தின் வழக்கமாக்கினார். தாய்மொழி வேறாக இருந்தும் வந்த ஊரின் மொழியில் பேசி அந்த ஊர்க்காரர் ஆனவர் அவர். அவருடைய தெலுங்கில் மலையாள வாடை வீசியதா என்று யாரும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஆசிரமம் எழுந்திருக்காது.

இதற்காக, எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறவர் பாஸ் அவுட் என்று எழுதக் கூடாது. படிக்கப்போகிறவர் யார் என்பதுதான் காரணம். அங்கே ‘கிராஜுவேட்’ என்ற வினைதான் நாணயம். அதுவும் கவனமாகச் செலவழிக்க வேண்டிய நாணயம். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் முடித்தாலும் கிராஜுவேட். இங்கிலாந்தில் பட்டம் வாங்கினால்தான் கிராஜுவேட், பள்ளி முடித்தவர் பள்ளியை ‘விட்டவர்’ மட்டுமே. எந்த நாட்டுக்கும் ஒத்துவரக்கூடிய வழி, இந்த ஆண்டில் இந்தப் படிப்பை முடித்தேன் என்று ‘ஃபினிஷ்’ அல்லது ‘கம்ப்ளீட்’ போட்டு நேராகச் சொல்வது. முக்கியமாக, அப்பா 1970-ல் பாஸ் அவுட் ஆனார் என்று வெளிநாட்டு நண்பரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. மயங்கியவர் எப்போது எழுந்தார் என்று அவர் கேட்பார். அவுட் என்பது அவே என்று காதில் விழுந்தால் அனுதாபமும் தெரிவிப்பார்.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் பழைய நண்பனைப் பார்த்து ‘எந்த வருஷம் பாஸ் அவுட்?’ என்று கேட்பதில் மட்டும் யாதொரு தவறும் இல்லை. அங்கே கிராஜுவேட் என்று சொன்னால்தான் நண்பன் ஏற இறங்கப் பார்ப்பான்.

ஆங்கிலத்தில் ஆளைக் கீழே தள்ளுகிற சொல்லும் பட்டம் கொடுக்கிற சொல்லும் ஒன்றாகிவிட்டது ஒரு தற்செயல். தமிழில் இதற்கு நேர் எதிரான தற்செயல் ஒன்று இருக்கிறது. பரீட்சையில் ‘தேறினான்’ என்கிறார்கள். காய்ச்சலில் கிடந்தவன் ‘தேறினான்’ என்றும் சொல்கிறார்கள். துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுகிறார்கள். பக்கத்து மொழியான தெலுங்கிலும் ‘தேருகொன்னாடு’ என்றால் அதிர்ச்சியிலிருந்து மீண்டான், மயக்கம் தெளிந்தான் என்று பொருள். ஆங்கிலத்தின் சொல் விழச் செய்கிறது. இந்த மண்ணின் சொல் விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்கிறது.

தேறு என்பதற்கு இன்னொரு பழைய அர்த்தமும் உண்டு. திருக்குறளின் 51-ஆம் அதிகாரம், தெரிந்து தெளிதல், அரசன் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றியது. இன்றைய மொழியில் சொன்னால் நேர்காணல் அதிகாரம். அங்கே தேறுதல் என்பது வேலைக்கு வந்தவர் செய்கிற காரியமே அல்ல. ஆள் எடுப்பவர் செய்ய வேண்டிய காரியம்: ஆராய்ந்து பார்த்து, பிறகு நம்புவது. ஆராயாமல் நம்புவதும் தவறு, நம்பிய பின் சந்தேகப்படுவதும் தவறு என்கிறார் வள்ளுவர். எந்த ஆண்டு வெளியே வந்தார் என்பதையோ எந்தச் சொல்லைப் போட்டு அதைச் சொன்னார் என்பதையோ வைத்து ஆளை எடை போடச் சொல்லவில்லை.

பரீட்சை எழுதுகிறவர்களைப் பற்றியே பேசிப் பழகிய காலத்துக்கு இது யோசிக்கத்தக்க விஷயம். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. படிப்பைத் தேற முடியாமல் போனவர் சீனிவாச ராமானுஜன். 1907-ல் அந்தக் கதவு அவருக்கு அடைபட்டது. 1918-ல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இடையில் கேம்பிரிட்ஜிலிருந்து அவருடைய நோட்டுப் புத்தகக் கணக்குகளைப் படித்த ஹார்டி, எந்த ஆண்டு பாஸ் அவுட் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஏர்பேட்டின் வளாகங்களிலிருந்து வெளியே வருகிறவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். கடல் கடந்தும் போகிறார்கள். போகும் ஊரின் சொல்லை அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அது பெரிய வித்தை அல்ல, ஒரு வாரப் பழக்கம். அவர்களை நேர்காணும் மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்காருகிறவர்களும் பெரும்பாலும் இதே நாட்டில் பாஸ் அவுட் ஆனவர்கள்தான். மாணவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர்கள் சிரிக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டால் போதும். அவருக்கு என்ன தெரியும் என்பது அதற்குப் பிறகு வரும் பதிலில் இருக்கிறது.